மேடையிலிருந்து இறங்கிய மொழிபெயர்ப்பாளர்

கண்டி நகரத்தில் எக்கோ அங்கிளைவிட அதிகமாகப் பேசியவர் எவருமில்லை. தம் சொந்த வார்த்தையை அவரைவிடக் குறைவாகப் பேசியவரும் எவருமில்லை.

எங்கள் சபையில் சிங்களமும் தமிழும் கலந்த ஆராதனை. பிரசங்கியார் ஒரு மொழியில் ஒரு வசனம் சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் நிற்பவர் அதை மற்ற மொழியில் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் நின்றவர்தான் எக்கோ அங்கிள். கிழமை நாட்களில் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையின் களஞ்சியப் பொறுப்பாளர். ஞாயிற்றுக்கிழமையில் அடுத்தவருடைய வாய். அவருக்கு ஒரு ஞானஸ்நானப் பெயரும் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

சொல்லை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அது பாதி வேலை என்பது அவர் கொள்கை. பிரசங்கியார் கையை உயர்த்தினால் இவர் கையும் உயரும். அவர் மேசையைக் குத்தினால் இவரும் குத்துவார். மாத்தளையிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் பேச்சின் நடுவே பலமாகத் தும்மிவிட்டார். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. எங்கள் அங்கிள் முகம் கோணாமல் தும்மினார்.

"தும்மலுக்கு ஏன் அங்கிள் மொழிபெயர்ப்பு?" என்று பிறகு கேட்டேன்.

"அது பிரசங்கத்துக்குள்ள வந்த தும்மல் தம்பி. அதை வெட்டுறதுக்கு நான் யாரு?"

வெட்டவும் மாட்டார், ஒட்டவும் மாட்டார். பேசுகிறவர் "நான்" என்றால் இவரும் "நான்" என்பார். இதனால் அவருடைய மூத்த மகளின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. மாப்பிள்ளை வீட்டார் கெலிஓயாவிலிருந்து வந்தார்கள். பெண்ணை ஆராதனையிலேயே பார்த்துவிடலாம் என்றிருந்தவர்கள், பிந்திவந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தார்கள். அன்று மேடையில் ஒருவர், திருந்துமுன் தாம் செய்த பாவங்களைச் சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது. அவர்கள் கண்டதெல்லாம், பெண்ணின் தகப்பனார் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "நான் குடிக்காத நாளில்லை! சிறைக்குப் போனேன்! மனைவியைக் கை நீட்டி அடித்தேன்!" என்று முழங்கியதைத்தான். முன் வரிசையிலிருந்து அவருடைய மனைவி பக்தியோடு "ஆமென்" என்றார்.

தேநீருக்குக்கூட நிற்காமல் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். போதகரே நேரில் போய் விளக்கிய பிறகுதான் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் சம்பந்தி வீட்டில் அங்கிளுக்குச் சோடா ஊற்றினாலும் எல்லார் கண்ணும் அந்தக் கிளாஸின் மேலேயே இருக்கும்.

எங்கள் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முந்திய ஞாயிறுகளில் ஒன்றை மனிதநேய ஞாயிறாக வைத்து, ஓர் அரசியல்வாதியைப் பேச அழைப்போம். வரிசை தவறாமல் சொல்கிறேன். முதலில் வந்தவர் சமாதானத்தைப் பற்றிப் பேசினார். அடுத்த ஆண்டு வந்தவர் வறுமையைப் பற்றிப் பேசினார். அதற்கடுத்த ஆண்டு வந்தவர் தம்மைப் பற்றிப் பேசினார். "அதிகாரத்துல இருக்கிறவங்க காதுல விழணும்" என்பதுதான் போதகர் சொன்ன காரணம். நாங்கள் காதை அழைத்தோம். வந்தவர்கள் வாயை மட்டும் கொண்டுவந்தார்கள்.

நான் சொல்ல வந்த ஆண்டில் மழை விடவேயில்லை. கலகெதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மலைச்சரிவு வெடித்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் ஒரு கோடி மண்ணோடு போனது. மிஞ்சிய குடும்பங்கள் எங்கள் சபை மண்டபத்தில் தங்கியிருந்தன. அவர்களில் ஒருத்தி ஜெயந்தி. கணவர் கொழும்பில் வேலை. இரண்டு பிள்ளைகளோடு மண்டபத்து மேடைக்கு அருகே பாய் விரித்திருந்தாள். திங்கட்கிழமை லொறி வரும், எல்லோரும் அதே லயத்துக்குத் திரும்ப வேண்டும், இனி ஆபத்தில்லை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. முந்திய நாள், ஞாயிற்றுக்கிழமைதான், எங்கள் மனிதநேய விருந்தினர் வந்தார்.

அவர் சிங்களத்தில் பேசினார். அங்கிள் தமிழில் தொடர்ந்தார். விருந்தினர் விரலை ஆட்டினார், அங்கிளும் ஆட்டினார். விருந்தினர் தண்ணீர் குடித்தார். அங்கிளும் ஒரு மிடறு குடித்தார். தம்மைக் கேலி செய்கிறாரோ என்று விருந்தினர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். அங்கிளும் அதேபோல் யாருமில்லாத பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கடைசியாக விருந்தினர் முன்வரிசையில் இருந்த லயத்துக் குடும்பங்களை நோக்கிக் கைகளை விரித்தார். அங்கிளின் கைகளும் விரிந்தன.

"இந்த மக்கள் நாளைக்கு மகிழ்ச்சியோடு தங்கள் வீடுகளுக்குத் திரும்புகிறார்கள்!"

ஜெயந்தி எழுந்து நின்றாள். "யாரு? நாங்களா?"

அந்த ஆலயத்தில் மேடையிலிருந்து வாங்குக்கு மொழிபெயர்த்துத்தான் பழக்கம். வாங்கிலிருந்து மேடைக்கு யாரும் மொழிபெயர்த்ததில்லை. ஆனால் காதில் விழுந்ததை மற்ற மொழியில் சொல்லாமல் அங்கிளால் இருக்க முடியாது. அவள் கேட்டது அடுத்த கணமே சிங்களத்தில் வந்தது, அவள் நீட்டிய விரலோடு.

விருந்தினர் திகைத்தார். செயலாளர் ஓடி வந்தார். "அங்கிள், போதும் அங்கிள்! இப்ப நன்றியுரை!"

அங்கிள் அதையும் சிங்களத்தில் சொன்னார்.

பிறகு மேடையிலிருந்து இறங்கிப்போய் ஜெயந்தியின் பக்கத்தில் நின்றார். பிரசங்கியாருக்குப் பக்கத்தில் நிற்கும் அதே இடைவெளி, அதே தலைகுனிவு. "சொல்லும்மா" என்றுகூடச் சொல்லவில்லை. காத்திருந்தார்.

"என் கட்டிலுக்குக் கீழ தரை வெடிச்சிருக்குங்க ஐயா," என்றாள் ஜெயந்தி. "என் கை உள்ள போகுது."

அங்கிள் கையை நீட்டிக் காட்டிச் சிங்களத்தில் சொன்னார்: என் கட்டில். என் கை.

"பக்கத்து காம்பராவில இருந்த அக்காவ இன்னும் தோண்டி எடுக்கல. அந்தச் சுவரு பக்கம் என் புள்ளைகள எப்பிடி படுக்க வைப்பேன்? நான் காசு கேக்கலங்க. நாளைக்கு லொறிய அனுப்பாதீங்க. அவ்வளவுதான்."

என் பிள்ளைகள், என்றார் அங்கிள். அங்கே குரல் உடைந்தது. கண்ணீர் தாடை வழியாக இறங்கிக் கழுத்துப்பட்டியை நனைத்தது. அவர் துடைக்கவில்லை. வசனத்தை முடித்தார். மாப்பிள்ளை வீட்டாரும் இந்த ஆராதனைக்கு வந்து, அதே கடைசி வாங்கில்தான் இருந்தார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

விருந்தினர் ஒலிவாங்கியை விட்டு விலகி, சாதாரணக் குரலில், "அந்த லயம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அங்கிள் அதைத் தமிழில் சொன்னார். ஜெயந்தி வழி சொன்னாள்.

அன்று பிற்பகலே அவர் போனார். வாகனம் போன மட்டும் வாகனத்திலும் மிச்சத்தை நடந்தும் போய், அந்தத் தரையில் தம் கையை விட்டுப் பார்த்தார். கூடப் போன அங்கிளும் விட்டுப் பார்த்தார் என்று வேறு சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை லொறி வரவில்லை. வேறு காணி இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை; ஆனால் யாரும் அந்த லயத்துக்குத் திரும்பிப் போகவுமில்லை.

அடுத்த ஞாயிறு வாசலில் அங்கிளைப் பிடித்தேன்.

"எவ்வளவோ பேருக்கு மொழிபெயர்த்திருக்கீங்க. அன்னைக்கு ஏன் அங்கிள் அழுதீங்க?"

"அந்தப் புள்ள அழுதுச்சு, நானும் அழுதேன். சொந்தமா நான் எதையும் சேர்க்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா தம்பி?"

நான் அன்று பக்கவாட்டு வரிசையில் இரண்டாவது வாங்கில் இருந்தேன். ஜெயந்தியின் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் அழவேயில்லை. கிழமையை மாற்றிச் சொன்னாலே யாரையும் திருத்தாமல் விடாதவன் நான்.

"தெரியும் அங்கிள்," என்றேன்.