ஒன்பது வீட்டு மோர்

எனக்கு மோர் பிடிக்காது என்பது பொய். பார்த்தால் களைப்பு வரும், அவ்வளவுதான்.

லண்டனில் இரண்டு ஆண்டு சமூகப்பணி படித்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் மதுரை திரும்பினேன். சமயநல்லூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குழந்தை நல நிலையம் தொடங்கும் வேலை. புதன்தோறும் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவர வேண்டும். எடை பார்த்து, எவ்வளவு பால் கொடுக்கலாம் என்று நான் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் யாரும் வராவிட்டால் நிலையமும் இல்லை, என் வேலையும் இல்லை.

கைக்குழந்தை உள்ள வீடுகள் ஒன்பது. பட்டியல் போட்டு (பட்டியல் இல்லாமல் நான் பல்கூடத் தேய்ப்பதில்லை) ஒவ்வொன்றாகப் போனேன். எல்லா வீட்டிலும் முதலில் மோர் நீட்டினார்கள். போகும் வீட்டில் எதையும் வாங்கிச் சாப்பிடக்கூடாது என்பது லண்டன் பாடம். ஒன்பது வீட்டிலும் புன்னகையோடு மறுத்தேன். (அந்தப் புன்னகைக்கும் அங்கே பயிற்சி கொடுத்திருந்தார்கள்.)

புதன்கிழமை நிலையத்தில் நான், தராசு, ஈ. மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். அடுத்த புதனும் அப்படியே. மூன்றாம் வாரம், பட்டியலில் முதல் பெயரான வீராயியிடமே போய்க் காரணம் கேட்டேன்.

"எங்க வீட்டு மோரே ஒனக்கு ஆகல. ஒன் தராசுல எம்புள்ளைய எதுக்குத்தா போடணும்?"

தீட்டுப் பார்க்கிறவள் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. பதறிப்போய் அவளிடம் மோர்ச் சொம்பைக் கேட்டு வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இங்கே குடித்துவிட்டு அடுத்த வீட்டில் குடிக்காவிட்டால்? மறுபடி பட்டியலை எடுத்தேன்.

நான்காவது வீட்டில் மோரோடு கம்பங்கூழும் வந்தது. ஆறாவதில் மூச்சு முட்டியது. ஏழாவது வீட்டுக்காரி, "வீராயி வீட்ல முழுச் சொம்பும் குடிச்சியாம்ல?" என்று கேட்டுவிட்டு, சொம்பு காலியாகும்வரை நகரவில்லை. ஒன்பதாவது வீட்டு வைக்கோல் போர் அருகே எல்லாம் வெளியே வந்தது. வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்த வீராயிதான் என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பச்சப்புள்ளைக்கு எம்புட்டுக் குடுக்கணும்னு சொல்ல வந்தவளுக்கு, தான் எம்புட்டுக் குடிக்கணும்னு தெரியலையேடி!"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. மாட்டுவண்டியில் படுத்தபடியே தல்லாகுளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

"என்னக்கா சாப்பிட்ட?" என்று பதறினான் தம்பி.

"ஒன்பது வீடு."

அடுத்த புதன், நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க ஒன்பது பேரும் பிள்ளைகளோடு வந்தார்கள். வந்த கையோடு எடையும் பார்த்தாயிற்று. வேலை நிலைத்தது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் வயிற்றுக்கு அளவு வீடுதான். போன மாதம் தம்பி கல்யாணப் பந்தியில், பாயசம் ஊற்ற வந்தவரிடம் அம்மா இலையைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள்:

"போதும்ப்பா, இப்பவே நாலு வீடு ஆச்சு."