சட்டைப் பையில் மழை

கேமரன் மலையில் மழைக்கு அஞ்சாத வீரர்கள் எத்தனையோ பேர் உண்டு. மழையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்த வீரர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டியவர். சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. மழை அண்ணன் என்றால் தோட்டத்தை நடத்தும் துரைக்கே தெரியும்.

நான் அங்கே கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி. ஒருநாள் ரிங்லெட் பாதையில் மண் சரிந்து அவர் லோரியை மூடியது. ஆறு மணி நேரம் உள்ளே கிடந்தார். வெளியே எடுத்தபோது ஒரு கீறல்கூட இல்லை. அதிர்ஷ்டசாலி என்றோம்.

அடுத்த மழைக்கு அவர் கட்டிலுக்கு அடியில் இருந்தார். தகரக் கூரையில் நாலு சொட்டு விழுந்தால் போதும், கை நடுங்கும், மூச்சு முட்டும். லோரிச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டார். வருஷக் கடைசிக்குள் வண்டியை எடுக்காவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று துரை சொல்லிவிட்டார்.

வரிசை வீடுகளில் வாழ்ந்த லயத்து ஜனம் சும்மா இருக்குமா? தூறல் விழுந்ததும் ஆறு வீட்டு ரேடியோவும் அலறும். மழைச் சத்தம் அவர் காதில் விழக்கூடாதாம். முனியாண்டி கோவில் கயிறும் கட்டினோம். கேமரனில் மழையை ஒளித்துவைப்பது லேசான காரியமா? அவர் இன்னும் மோசமானார்.

கடைசியில் மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். பெரிய ஆபத்தில் சிக்கியவர் மனம் இப்படிக் காயப்படும், வைத்தியம் உண்டு என்றார்களாம். மாத்திரை கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை அங்கே ஓர் ஆலோசகர் அம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டும். பயந்து ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும், கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள் என்று அந்த அம்மா வீட்டுப்பாடமும் கொடுத்தார்.

மறுநாள் சுள்ளென்ற வெயிலில் மழைச் சத்தம். லயமே ஓடிப்போய்த் துணியை எடுத்தது. பார்த்தால், அண்ணன் சட்டைப் பையில், கைப்பேசியில் பதிந்த மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருக்கிறது.

"ஏன்ணே, நல்ல வெயில் லா. இப்ப எதுக்கு மழை?"

"நெசமான மழை நம்ம பேச்சக் கேக்காது, கிராணி. இத நான் நெனச்சா நிப்பாட்டலாம்."

மூச்சு முட்டினால் கண்ணில் படும் ஐந்து பொருளைச் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு பாடம். பிரிஞ்சாங் காய்கறிச் சந்தையில் திடீரென்று ஆரம்பித்தார்: "ஒண்ணு, கோபிஸ். ரெண்டு, தக்காளி. மூணு, லோரி. நாலு, போலீஸ்காரரு. அஞ்சு, அவரு தொப்ப." அந்தப் போலீஸ்காரருக்குத் தமிழ் தெரிந்திருந்தது எங்கள் கெட்ட நேரம்.

பிறகு நிறுத்திய லோரியில் உட்கார்ந்து மழை கேட்டார். பிறகு இன்ஜினைப் போட்டுக் கேட்டார். வெயில் நாளில் முதல் வளைவுவரை ஓட்டினார். சில நாள் பாதியில் இறங்கி டயர் மேல் உட்கார்ந்து அழுவார். மறுநாள் காலை திரும்ப ஏறுவார். முதலில் சிரித்தவன் நான்தான். அப்புறம் வெட்கமாகிவிட்டது. அதைவிடப் பெரிய தைரியத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

வருஷம் முடியும் தறுவாயில் ஒரு மதியம் மழைச் சத்தம். யாரும் அசையவில்லை, கொடியில் துணி தொங்கியது. நிறுவைக் கொட்டகையிலிருந்து நானும், "அண்ணே, போதும் லா, நிப்பாட்டுங்க" என்றபடி வெளியே வந்தேன். தலை நனைந்தது. அண்ணன் கூரைக்கு வெளியே கையை நீட்டியபடி நின்றிருந்தார். கைப்பேசி அணைந்திருந்தது.

"கொழுந்து வாடிரும். கூட வரீங்களா, கிராணி?"

ஏறினேன். வளைவுக்கு வளைவு அவர் சொல்லிக்கொண்டே வந்தார். "ஒண்ணு, வைப்பர். ரெண்டு, ரோடு. மூணு, தேயில. நாலு, என் கை." அந்தக் கை ஸ்டியரிங்கை விடவே இல்லை. "அஞ்சு, நீங்க." ஃபேக்டரிவரை நானும் சேர்ந்து எண்ணினேன்.

அவர் இன்னும் அந்த ஆலோசகர் அம்மாவைப் பார்க்கப் போகிறார், லோரியும் ஓட்டுகிறார். நான் பிரிஞ்சாங்குக்குக் குடிவந்துவிட்டேன். இங்கே மழைச் சத்தம் கேட்டால் உடனே துணி எடுக்க எழுந்திருக்க மாட்டேன். அண்ணன்தான் வந்திருக்கிறாரோ என்று ஒரு நிமிஷம் காத்திருப்பேன். துணி நனைந்துவிடும்; பரவாயில்லை.