பின் சீட்டு ஸ்ப்ரிங் சம்பந்தமாக

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்காவின் இடுப்பைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீயும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உன் சுகம் மட்டும் கொஞ்சம் குறைந்தால் எனக்கு வருத்தமில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுவில் சிரிப்பாய், பிறகு "மாமா, நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க" என்று ஆரம்பிப்பாய். நீ ஒன்று சொல்லி நான் கேட்டதால்தான் இன்று உன் அக்கா என் வண்டியில் ஏறுவதில்லை. கடிதம் என்றால் நீ கடைசி வரி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்தாக வேண்டும்.

தினமும் காலையில் உன் அக்காவை அவள் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இறக்கிவிட்டு நான் ஆபீஸ் போவதும், சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வருவதும் உனக்குத் தெரியும். வழியில் வேகத்தடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றிலும் அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டக்கென்று இடிக்கும், உடனே "அம்மா" என்று ஒரு சத்தம் வரும், அதன் பின்னாலேயே என் குடும்பத்தைப் பற்றி ஒரு வாக்கியம் வரும். எனக்கு அது பழகிவிட்டது. உள்ளதைச் சொன்னால், நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதே அந்த ரோட்டில்தான். வீட்டில் அப்பா செய்தியை முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்கிறார், மகள் பரீட்சை என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து எல்லோரையும் அதட்டுகிறாள். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்த போலீஸ்காரர் கதையிலிருந்து மகள் என்ன படிக்க வேண்டும் என்பது வரை எல்லாம் என் இடது தோளுக்குப் பின்னாலிருந்துதான் எனக்கு வந்து சேரும். அப்படிப்பட்டவள் போன மாதம், "இனிமே என்னால முடியாதுங்க. இந்த வண்டியில இன்னும் கொஞ்ச நாள் உட்கார்ந்தா நான் தனியா, என் எலும்பு தனியா இறங்கணும். லேப்ல ஒரு பொண்ணு ஸ்கூட்டர்ல வருது, அதோட போயிக்கறேன்" என்றாள். நான் பதறிப்போய் உனக்குப் போன் போட்டேன்.

நீ என்ன சொன்னாய்? "பழைய ஷாக் அப்சர்பரைத் தூக்கிப் போடுங்க மாமா, கேஸ் வச்சதா மாத்துங்க, முன் ஃபோர்க்குல கெட்டி ஆயிலா ஊத்துங்க, சீட்டுக்கு நல்ல ஃபோம் போடுங்க, அக்கா சோபாவுல உட்கார்ந்த மாதிரி வருவாங்க" என்றாய். எல்லாவற்றையும் செய்தேன். ஒன்றை மட்டும் நீ சொல்லவே இல்லை. அந்தப் புது ஷாக் அப்சர்பரில் ஒரு வளையம் இருக்கிறது. ஒரு பக்கம் திருகினால் ஸ்ப்ரிங் இறுகும், மறுபக்கம் திருகினால் இளகும். பின்னால் உட்காருகிறவரின் எடை தெரிந்தால்தான் அதை எங்கே நிறுத்துவது என்று தெரியும். மெக்கானிக், எங்கள் பகுதியில் கிளட்ச் என்று சொன்னால்தான் அவரைத் தெரியும், வளையத்தில் ஸ்பேனரை மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்து, "பின்னாடி அக்காதானே? எத்தனை கிலோ சார் இருப்பாங்க?" என்றார். நீயும் கல்யாணமானவன். நீ கேட்டிருக்கிறாயா? கேட்டுவிட்டு அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறாயா? நான் ஒரு மரியாதைக்கு "ஐம்பது" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வளையத்தைத் திருகினார்.

முதல் தெரு முடியும்வரை உன் அக்கா, "அட, நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்த வார்த்தை காதில் விழுந்த சுகத்தில் நான் வேகத்தடையைக் கவனிக்கவில்லை. வண்டியின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துபோய், டயர் மட்கார்டில் உரசி, கர்ர்ரென்று ஒரு சத்தம். பஸ் நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். "என்னங்க அது?" "டயர்." "நீங்க தனியா போறப்போ கத்துமா?" "ரோடு சரியில்லை" என்றேன். "நான் ஏறினா மட்டும் ரோடு சரியில்லையா?" என்றாள். அன்றைக்கே அவளுக்குத் தெரியாமல் கிளட்சிடம் போய், எதற்கு வம்பு என்று, "எண்பதுன்னே வச்சுக்குங்க" என்றேன். மறுநாள் தண்டவாளத்தைத் தாண்டும்போது உன் அக்கா சீட்டைவிட்டு மேலே எழும்பி, என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பை மட்டும் திரும்பி வரவில்லை. அதை நான் பின்னால் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

கிளட்ச் கையை விரித்துவிட்டார். "நீங்க சொல்ற கணக்கெல்லாம் எனக்கு வேணாம் சார், ஆளைக் கூட்டிட்டு வாங்க, உட்காரவச்சு அளந்துடறேன்" என்றார். அளப்பது என்றால் என்னவென்று நான் கேட்டிருக்க வேண்டும். சும்மா ஐந்து நிமிஷ வேலை என்று சொல்லி, லேப் முடிந்ததும் நேராகக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டறை வாசலில், நடு ரோட்டோரம், என்னை முன்னால் உட்காரவைத்து, உன் அக்காவைப் பின்னால் ஏறச் சொல்லி, அவர் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு டேப்பைப் பிடித்தார். பக்கத்து பஞ்சர் கடைக்காரர் கேட்காமலே வந்து வண்டியைத் தாங்கிக்கொண்டார். "அக்கா ஏறுங்க. ம்ம், இறங்குங்க. மறுபடி ஏறுங்க. சார் மட்டும் இருந்தா ரெண்டு சென்டி அமுங்குது, அக்கா ஏறினா ஏழு!" என்று அந்த மனிதர் ரோட்டுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். "ஏழா?" என்றார் பஞ்சர் கடைக்காரர். எதிர் டீக்கடையில் ஒருவர், "நல்லா அழுத்தி உட்காரச் சொல்லுங்க, அப்பத்தான் கரெக்டா வரும்" என்று யோசனை சொன்னார். உன் அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அதோடு முடிந்திருக்கும். கிளட்ச் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "நான் அப்பவே நினைச்சேன்க்கா. சார் முதல்ல ஐம்பதுன்னாரு, அப்புறம் எண்பதுன்னாரு" என்றார்.

உன் அக்கா இறங்கினாள். "ஒரே வாரத்துல எனக்கு முப்பது கிலோ ஏத்தி விட்டிருக்கீங்க" என்றாள். "இத்தனை வருஷமா பின்னாடி உட்கார்ந்து வரேன், யாரு உட்கார்ந்திருக்கான்னே உங்களுக்குத் தெரியலை. வாயைத் திறந்து கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?" என்றாள். பிறகு ரோட்டைத் தாண்டிப் போய் பஸ் ஏறிவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த லேப் பெண்ணின் ஸ்கூட்டரில்தான் போகிறாள். அதன் பின் சீட்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள், வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு படுக்கிறாள், ஆனால் ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை. மாப்பிள்ளை, உன் அக்கா குறை சொல்லாமல் இருந்து நீ பார்த்திருக்கிறாயா? வீடு வீடாகவே இல்லை. ஆபீசுக்குத் தனியாகப் போகிறேன், எண்பதுக்கு இறுக்கிய ஸ்ப்ரிங் அப்படியே கிடப்பதால் வண்டி கல்லு மாதிரி குதிக்கிறது, பின்னால் சத்தமே இல்லை. மகள் என்ன படிக்கப் போகிறாள் என்றுகூட எனக்கு இப்போது தெரியாது.

ஆகையால் முடிவு செய்துவிட்டேன். வண்டியை விற்கப்போகிறேன். கிளட்ச் ஒரு ஆளை ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன் என்றிருக்கிறார். நீ அன்றைக்குக் காலையிலேயே வந்து, அந்த ஷாக் அப்சர்பரை நீயே கழற்றி எடுத்துக்கொண்டு போ, என் கண்ணில் படக் கூடாது. போகிற போக்கில் உன் அக்காவிடம், அந்த ஐம்பதும் எண்பதும் மரியாதைக்கும் பயத்துக்கும் சொன்னவை என்று நீ எடுத்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது.

குழந்தைகளுக்கு என் அன்பு. உன் மனைவிக்கு என் விசாரிப்பு. நீங்கள் எல்லோரும் குண்டு குழி இல்லாத ரோட்டில் நீண்ட காலம் போய்வர வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமா

பின்குறிப்பு: ஸ்டாம்ப் வாங்க மறந்து இந்தக் கடிதம் என் சட்டைப்பையிலேயே கிடந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று. வண்டி வாங்குகிறவர் ஒரு நாள் முந்தியே, சனிக்கிழமை சாயங்காலம், மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த அம்மா பின் சீட்டை அமுக்கிப் பார்த்து, "இது எனக்குச் சரியா வருமா?" என்று கேட்டதுதான் தாமதம், உன் அக்கா உள்ளேயிருந்து ஈரக்கையோடு வந்து, "வராதும்மா. வண்டி விக்கிறதுக்கு இல்லை" என்றாள். அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பாமலே ஒரு எண்ணைச் சொன்னாள். "ஹெல்மெட்டும் கைப்பையும் சேர்த்து. போய்ச் சொல்லிட்டு வாங்க. கத்த வேணாம்னு சொல்லுங்க." அது என்ன எண் என்று உனக்கு எழுத மாட்டேன், கிளட்சிடமே காதில்தான் சொன்னேன். இன்று காலை தண்டவாளத்தைத் தாண்டினோம். டக் இல்லை, அம்மா இல்லை. என் குடும்பத்தைப் பற்றி மட்டும் வந்தது, அதுவும் லேப் வாசல் வரைக்கும் நிற்காமல். ஆகவே நீ வர வேண்டாம், எதையும் கழற்ற வேண்டாம், யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டாம். அக்காவைப் பார்க்கத்தான் வருகிறாய் என்றால் தாராளமாக வா, ஆனால் ஸ்டேஷனிலிருந்து பஸ் பிடித்து வா. என்னை வண்டி எடுத்துக்கொண்டு வரச் சொல்லாதே. பின் சீட்டு ஒருத்தருக்குத்தான் வைத்திருக்கிறது.