மதுவொழிப்பு மருத்துவர்களும் ஒரு மின்விசிறியும்

உலகில் தன்னலமற்ற சங்கம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. 1935-இல் மலாயாவின் கிள்ளானில் பிறந்த ‘மதுவொழிப்பு மருத்துவர் சங்கம்’தான் அது. அதில் இருந்த ஒரே பெண்ணான நான் காரியதரிசியாக இருந்து தீர்மானங்களைத் தட்டச்சு செய்யும் பாக்கியம் வாய்த்தது.

ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் பவுனம்மாள், ஐம்பது பெண்களின் கைரேகையோடு ஒரு மனு கொண்டுவந்தாள்.

"சம்பள நாள் ஒரு நாளாச்சும் கள்ளுக்கடைய மூடச் சொல்லுங்கய்யா."

தலைவர், யாழ்ப்பாணத்து டாக்டர் சீவரத்தினம் கண்கலங்கினார். அரசாங்கத்துக்கு எழுத ஏகமனதாகத் தீர்மானம்: ‘மூட வேண்டும்.’

கூட்டம் நடந்த டிஸ்பென்சரியில் ஒரே புழுக்கம். கள்ளுக்கடைக் குத்தகைக்காரர் ரெங்கசாமி காதில் அது எப்படியோ விழுந்தது. மறுநாளே மின்விசிறி வந்தது.

"நிபந்தனை ஒண்ணுமில்லீங்க டாக்டர். நல்லா காத்து வாங்கிட்டு யோசிங்க, போதும்."

யோசித்தார்கள். ‘மூட வேண்டும்’ என்பது ‘மூடலாமா என ஆராய வேண்டும்’ ஆயிற்று. பிரம்பு நாற்காலிகள் வந்தன; ‘நிதானமாக ஆராய வேண்டும்’ ஆயிற்று. பில்லியர்ட்ஸ் மேசை வந்த மாதம் கள்ளில் உயிர்ச்சத்து கண்டுபிடிக்கப்பட்டது.

பவுனம்மாள் மறுபடி வந்தாள். "அய்யா, நாளைக்குச் சம்பளம்."

"சயன்ஸ் அவசரப்படாது, பிள்ளை. கொஞ்சம் பொறும்," என்றார் தலைவர்.

"எம் புருசன் அவசரப்படுவாரே அய்யா!"

"கள்ளாலதான் அவருக்குக் கோவம் வருதெண்டதுக்கு ஆதாரம் இருக்கோ?"

"இந்தா இருக்கே நெத்தியில! போன சம்பளத்துக்கு நீங்கதானே நாலு தையல் போட்டீங்க?"

சபை திடுக்கிட்டது. நோயாளிகள் பதிவேட்டைப் புரட்டினோம். சம்பள நாள்தோறும் உடைந்த தலைகள்! பில்லியர்ட்ஸ் ஆட வந்திருந்த ரெங்கசாமி பதறிப்போனார்.

"இதுக்கு உடனே ஏதாச்சும் செய்யணும் டாக்டர்!"

சயன்ஸ் முதல்முறையாக அவசரப்பட்டது. உடனே செய்தார்கள்.

மறுநாள் மாலை பவுனம்மாள் நெற்றியில் கோழிமுட்டை அளவு வீக்கத்தோடு வந்து நின்றாள். டிஸ்பென்சரி கதவு சாத்தியிருந்தது; வாசலில் நான் மட்டும் இருந்தேன். கதவில் நான் தட்டச்சு செய்த அறிவிப்பு.

"தங்கச்சி, நீ படிச்ச புள்ளதானே. என்ன எழுதியிருக்கு?"

"‘சம்பள நாள்களில் டிஸ்பென்சரி மூடப்படும்.’"

"உள்ளே விசிறி ஓடுற சத்தம் கேக்குதே?"

"ஆராய்ச்சி நடக்குது அக்கா."

அன்றுமுதல் சம்பள நாளில் ஒரு தலைகூட உடைந்ததாகப் பதிவேட்டில் இல்லை. கள் தீங்கற்றது என்பது இவ்வாறு விஞ்ஞானபூர்வமாக நிரூபணமாயிற்று. அரசாங்கத்துக்கும் எழுதிவிட்டோம், தட்டச்சு என்னுடையதுதான்.

பவுனம்மாளுக்கும் குறை வைக்கவில்லை. சம்பள நாளில் மூடச் சொன்னாள். மூடிவிட்டோம்.