துருப்பிடிக்காத ஆணி

தேவநாதன் உதைத்த பந்து ஒருமுறை மேகத்துக்குள் நுழைந்து, ராத்திரி அங்கேயே தங்கி, மறுநாள் விடிந்ததும் இரும்பை என்கிற கிராமத்தில் ஒரு வைக்கோல் போரின் மேல் சொட்டச் சொட்ட நனைந்து இறங்கியது.

இதைத் தேவநாதன் சொல்லவில்லை. அவனுக்குத் தற்பெருமை பிடிக்காது. அவனுடைய அக்கா புருஷன் சுப்ராயன் சொன்னார். சுப்ராயன் உப்பள முதலாளி. மரக்காணம் வெண்முத்து கால்பந்துக் கழகத்தின் தலைவர். பொய் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அவர் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும் அளவுக்கு அவரிடம் உப்பு இருந்தது.

ஊரும் நம்பியது. கோலுக்குள் போகாத பந்து வேறெங்கேதான் போயிருக்கும்? சைக்கிள் கடை அப்துல் லத்தீப் மட்டும், "மேகத்துல ஒரு கோல் போஸ்ட் இருந்திருந்தா அதுக்கும் வெளியேதான் அடிச்சிருப்பான்" என்றார்.

லத்தீப் அணியின் எதிரி அல்ல. அதுதான் அவருடைய துயரம். எந்த மேட்சாக இருந்தாலும் கடையைப் பூட்டிவிட்டு, குடையைத் தூக்கிக்கொண்டு கோட்டோரத்தில் வந்து நின்றுவிடுவார். ஆட்டம் முடியும்போது அவருக்குத் தொண்டை இருக்காது. அணிக்கு மானம் இருக்காது. திங்கட்கிழமை முழுக்கச் சைகையிலேயே வாடகைச் சைக்கிள் விடுவார்.

எல்லாப் பந்தும் தேவநாதன் காலுக்கு வந்துதான் போக வேண்டும் என்பது கழகத்தின் விதி. வரும். அங்கிருந்துதான் போகாது. மெக்சிகோ உலகக் கோப்பையை டி.வி.யில் பார்த்ததிலிருந்து தேவநாதன் தலைமுடியை வளர்த்திருந்தான். ஆட்டத்தை வளர்க்கவில்லை. பந்து வந்ததும் முடியை ஒதுக்குவான். பிறகு யாருக்குக் கொடுப்பது என்று யோசிப்பான். யோசித்து முடிக்கும்போது பந்து வேறு ஊர்க்காரனிடம் இருக்கும்.

"ஏம்பா தேவநாதா! நம்ம பசங்க நீலச் சட்டை! நீலம்!" என்று லத்தீப் கத்துவார்.

ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு இருந்தது. சுப்ராயன், சுப்ராயனின் தம்பி, சுப்ராயனின் கணக்குப்பிள்ளை. கூட்டம் சுப்ராயன் வீட்டில், மத்தியானச் சாப்பாட்டோடு நடக்கும். பரிமாறுகிறவர் தேவநாதனின் அக்கா. குழம்பு இலைக்கு வருவதற்கு முன்பே கேப்டன் யார் என்பது ஒருமனதாக முடிவாகிவிடும்.

அதனால் மணிகண்டன் என்கிற பையன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வயது; சுப்ராயனின் அளத்தில் உப்பு வாரும் முத்தம்மாளின் மகன். பயிற்சி ஆட்டத்தில் அவன் அடிக்கிற பந்து வலையைக் கிழித்ததால், வலைச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று அவனைப் பெஞ்சிலேயே வைத்திருந்தார்கள். வருகிற கோட்டக்குப்பம் மேட்சுக்கு மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர் வருகிறார் என்று தெரிந்திருந்தது. மாவட்ட அணிக்குள் நுழைந்தால் ஏதாவது ஒரு மில்லில் வேலை நிச்சயம். மணிகண்டனுக்குத் தேவைப்பட்டதெல்லாம் கொஞ்ச நேரம் புல்லில் நிற்க ஓர் இடம்.

இடையஞ்சாவடியோடு மோதி ஏழு கோலில் தோற்ற அன்று ஊர் பொறுமை இழந்தது. "மணியை எறக்கு! மணியை எறக்கு!" என்று மைதானமே கத்தியது. சுப்ராயன் ஆழ்ந்து யோசித்தார். ஆட்டக்காரனை மாற்றுவதைவிடச் சாமியாரை வரவழைப்பது சுலபம் என்று கண்டார். சாமியாருக்கு அந்த வீட்டில் அக்கா கிடையாது.

அப்படித்தான் கண்ணாயிரம் சாமி அம்பாசிடர் காரில் வந்து இறங்கினார். காவி வேட்டி, பச்சைத் துண்டு, கழுத்தில் ருத்திராட்சத்துக்கு நடுவே ஒரு சிலுவை. எந்தத் தெருக்காரன் கூப்பிட்டாலும் உடை மாற்றும் சிரமம் இல்லை. மேற்கே, கடல் காற்றே படாத ஏதோ ஓர் ஊர்க்காரர். முந்தின நாள் சாயங்காலமே தனியாக வந்து மைதானத்துக்கு 'நாடி' பார்த்துவிட்டுப் போயிருந்தார். மைதானத்துக்கு நாடி எங்கே இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

வடக்குக் கோல் கம்பத்தடியில் அவருக்கு உடம்பு ஆடியது. "தோண்டு!" என்றார். தோண்டினார்கள். ஈரமான சேற்றிலிருந்து ஒரு மரப்பொம்மை வந்தது. அதன் வலது கால் முழுக்க ஆணி.

கூட்டம் ஒரே குரலில் மூச்சை இழுத்தது. கடற்கரைக் காற்று அன்று ஒரு கணம் குறைந்ததாக இன்றும் சொல்கிறார்கள்.

"வலது காலு! நம்ம தேவநாதன் அடிக்கிற காலு!"

இடது காலால் அடித்தாலும் வெளியேதான் போகும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"அஞ்சு வருஷமா உள்ள கெடக்குது. வெச்சவன் வெளியாள் இல்ல. உங்க கூடவே இருக்கிறான். உக்காந்துகிட்டே வேடிக்கை பாக்கிறான்" என்றார் கண்ணாயிரம்.

எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள். பெஞ்சில் ஒரே ஒருவன்தான் உட்கார்ந்திருந்தான்.

"சாமி, அஞ்சு வருஷத்துக்கு முன்னால அவன் அரை டிராயரோட ஸ்கூலுக்குப் போய்ட்டிருந்தான்" என்றார் லத்தீப்.

"வஞ்சத்துக்கு வயசு கிடையாது" என்றார் சாமி. கூட்டம் கை தட்டியது. நல்ல வசனத்துக்கு அந்த ஊர் எப்போதும் மரியாதை கொடுக்கும்.

தேவநாதன் அன்று அழுதுவிட்டான். இத்தனை நாள் தன் காலைத் தானே சந்தேகித்ததற்காகக் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டான். மணிகண்டனின் பெயரைக் கழகத்திலிருந்து அடித்தார்கள். டீக்கடையில் அவனுக்குத் தனிக் கிளாஸ் வந்தது. மறுநாள் காலையில், முத்தம்மாள் இனி அளத்தில் கால் வைக்கக் கூடாது என்று கணக்குப்பிள்ளை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

முத்தம்மாள் நேரே சைக்கிள் கடைக்கு வந்தாள்.

"பாய், அவங்க கெட்ட நேரத்துக்கு எம் பையன் மேல பழி போட்டுட்டாங்க. செய்வினை வெக்கிற வித்தை எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, கூலி ஏத்தச் சொல்லி மொதலாளிக்கு வெச்சிருக்க மாட்டோமா? அந்தத் தேவநாதன் காலுக்கா வெப்போம்?"

 லத்தீப் கையில் ஒரு சைக்கிள் செயின் இருந்தது. போன மாதம் மாட்டியது. இந்த மாதம் செங்கல் நிறம். மரக்காணத்தில் சைக்கிள் கடை வைத்தவன் துருவோடுதான் குடித்தனம் நடத்துகிறான். காலையில் சுவரில் அடித்த ஆணியில் மாலையில் சட்டை மாட்டினால், சட்டையில் பழுப்புப் பொட்டு விழும். ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். லத்தீப் செயினைப் பார்த்தார். எழுந்தார். கடையைப் பூட்டினார். மேட்ச் இல்லாத நாளில் அவர் கடையைப் பூட்டியது அதுவே முதல் தடவை.

கழகக் கட்டடத்தில் பொம்மையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தெருவையே அடைத்துக்கொண்டு பெண்கள் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவே சாமி.

லத்தீப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். "சாமி, ஆணியெல்லாம் பளபளன்னு இருக்குதே. அஞ்சு வருஷம் உப்புச் சேத்துல கெடந்ததுன்னு சொன்னீங்க."

கண்ணாயிரம் சிரித்தார். "பாயி, மந்திரிச்ச ஆணி துருப்பிடிக்காது."

கற்பூரத் தட்டுகள் பாதியில் நின்றன. மேற்கத்திக்காரருக்குத் தாம் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரியவில்லை. உப்பள ஊரில் நின்றுகொண்டு, இரும்பு துருப்பிடிக்காது என்று சொல்லியிருந்தார். செத்தவனை எழுப்புகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பரபரப்பு இருந்திருக்காது.

லத்தீப் முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. "நெசமாவா சாமி? அப்போ எங்க சைக்கிளுக்கும் மந்திரிச்சு விடுங்க. எங்க ஊருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கெடையாது."

"என் தையல் மிஷினுக்கு!"

"எங்க வீட்டு கேட்டுக்கு!"

"சாமி," என்று பின்னாலிருந்து ஒரு கனத்த குரல். சுப்ராயன். "மொதல்ல நம்ம பம்ப்செட்டு."

மாட்டேன் என்று சொல்ல வழி இல்லை. விடிந்தபோது வரிசை திண்டிவனம் ரோட்டைத் தாண்டியிருந்தது. சைக்கிள், கடப்பாரை, அரிவாள்மணை, ஜன்னல் கம்பி, தராசு, படகு நங்கூரம். ஒருவர் லாரியையே கொண்டுவந்து வரிசையில் நிறுத்திவிட்டு, தனக்கு முன்னால் நின்ற பாக்குவெட்டியை நகரச் சொல்லி ஹாரன் அடித்தார்.

கண்ணாயிரம் உற்சாகத்தில் அதற்கொரு வழிமுறையும் சொன்னார். "சமுத்திர தீர்த்தத்துல மந்திரிக்கிறேன். கொடங்கொடமா ஊத்துங்க. மேட்ச் நாள் வரைக்கும் தொடைக்கக் கூடாது."

சமுத்திர தீர்த்தம் என்றால் கடல் தண்ணீர். மூன்று தலைமுறையாக இரும்பில் கடல் தண்ணீர் படாமல் துடைத்துத் துடைத்தே தேய்ந்த கைகள், அன்று குடத்தோடு வரிசையில் நின்றன. ஊற்றின. கும்பிட்டன. துடைக்காமல் கட்டிக்கொண்டு நின்றன.

லத்தீப் பிறகு ஒரு சின்ன வேண்டுகோள் வைத்தார். ஒரே பொட்டலத்திலிருந்து இரண்டு ஆணி. ஒன்றைச் சாமி மந்திரிக்கட்டும். இன்னொன்றுக்குத் தாம் கிரீஸ் தடவுகிறேன். இரண்டையும் பொம்மை கிடந்த அதே குழியில், எல்லார் முன்னாலும் புதைப்போம், மேட்சன்று தோண்டுவோம்.

"எதுக்குப் பாய்?" என்றார் சுப்ராயன்.

"சாமியோட பெருமை கோட்டக்குப்பத்துக்காரங்களுக்கும் தெரியட்டுமே, பிரசிடெண்ட். எங்க சொந்தக்காரங்க அவங்க, நாலு பேருக்குச் சொல்லுவாங்க."

பெருமை என்றதும் சுப்ராயன் ஒப்புக்கொண்டார். குழிக்குக் காவலும் போட்டார்.

அந்த வாரம் மரக்காணத்தில் நடந்ததை நம்புவது கஷ்டம். தையல் மிஷின் ஊசி இறங்கியது, ஏறவில்லை. கேட்டைத் திறந்த வீட்டில் கேட் கையோடு வந்தது. லாரியை அதன் சொந்தக்காரர் நிறுத்திய இடத்திலிருந்து கூட்டி அள்ள வேண்டியிருந்தது. இருந்தும் யாரும் வாய் திறக்கவில்லை; தன் பக்திதான் குறைச்சலோ என்று ஒவ்வொருவனும் பக்கத்து வீட்டு இரும்பை ரகசியமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மேட்சன்று காலையில் சுப்ராயனின் பம்ப்செட் இறுகி நின்றது. உப்புப் பாத்திக்குத் தண்ணீர் ஏறவில்லை. நான்கு வருஷம் மைத்துனன் ஆட்டத்தைப் பார்த்து வராத கோபம், அன்று வந்தது.

சாயங்காலம் மைதானம் கொள்ளாத கூட்டம். கோட்டக்குப்பம் அணி பஸ்ஸிலிருந்து இறங்கி, என்ன கூத்து என்று நின்றது. மாவட்டத்துக்காரர் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குழியைத் தோண்டினார்கள். கிரீஸ் ஆணி போன மாதிரியே வந்தது. மந்திரித்த ஆணி சொறி பிடித்து, பழுப்புத் தோல் உரிந்து வந்தது.

"யாரோ எதிர் மந்திரம்..." என்று ஆரம்பித்தார் கண்ணாயிரம்.

"சாமி, ஒரே ஒரு சந்தேகம்" என்றார் லத்தீப். "மந்திரிச்ச ஆணி ஒரு வாரத்துல இப்படி ஆவுது. அஞ்சு வருஷ ஆணி அங்க பளபளங்குது. அப்போ அதை எப்போ பொதைச்சீங்க? முந்தின நாள் சாயங்காலம் நாடி பாத்தீங்களே, அப்பவா?"

அதற்குள் சுப்ராயன் சாமியின் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். பொம்மைகள் விழுந்தன. ஆணி அடித்துத் தயாராக இருந்தன, அடுத்தடுத்த ஊர்களுக்கு. துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொன்றின் ஆணியிலும் எண்ணெய் தடவி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். மந்திரத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

கண்ணாயிரம் ஓடினார். சுவரோரம் சாத்தியிருந்த சைக்கிளில் பாய்ந்து ஏறி மிதித்தார். அது அவரே மந்திரித்தது. பெடல் அசையவில்லை. இப்படியாக, தம் மந்திரத்தால் உண்மையிலேயே பாதிக்கப்பட்ட முதல் சாமியார் அவரானார். போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். வெளியூர் ஜீப், ஓடியது.

"இப்போ சொல்லுங்க பிரசிடெண்ட்," லத்தீப் குரலை உயர்த்தவில்லை. "செய்வினை இல்ல. அப்போ நாலு வருஷமா நாம தோத்ததுக்கு யாரு காரணம்?"

மைதானம் முழுக்கத் தேவநாதனைப் பார்த்தது. அவன் முடியை ஒதுக்கினான். சுப்ராயன் மைத்துனனைப் பார்த்தார். வீட்டுப் பக்கம் பார்த்தார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இல்லை என்று முடிவு செய்துகொண்டார்.

"டேய் மணி," என்றார், கூட்டத்தில் நின்றவனைப் பார்த்து. "பூட்ஸைப் போடுறா. ஒங்கம்மாவை நாளையிலேருந்து அளத்துக்கு வரச் சொல்லு."

அப்போதும் மரக்காணம் தோற்றது. இரண்டுக்கு ஒன்று. ஓர் அளவுக்கு மேல் எந்த உண்மையும் ஓர் அணியைக் காப்பாற்றாது. ஆனால் அந்த ஒன்றை மணிகண்டன் நடு மைதானத்திலிருந்து தனியாகக் கொண்டுபோய் அடித்தான். தொப்பிக்காரர் எழுந்து நின்றார். ஆட்டம் முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, அப்பா பெயர், வயது எல்லாம் கேட்டுக்கொண்டு, திங்கட்கிழமை விழுப்புரத்துக்கு வரச் சொன்னார். முத்தம்மாள் கூட்டத்துக்குள்ளிருந்து தொப்பிக்காரரையே கும்பிட்டாள்.

பெஞ்சில் துண்டோடு உட்கார்ந்திருந்த தேவநாதன் லத்தீபைக் கூப்பிட்டான்.

"பாய், சாமி ஃபிராடாவே இருக்கட்டும். அந்தப் பொம்மையை எடுத்ததுக்கு அப்புறம்தானே நமக்குக் கோல் விழுந்துச்சு? சுத்தி நிக்கிறவங்களும் அதைத்தான் பேசிக்கிறாங்க."

"பொம்மையை எடுத்தது போன வாரம்பா. ஒன்னை எடுத்தது இன்னிக்கு."

தேவநாதன் அதை யோசித்தான். பந்து காலில் இல்லாததால் நிதானமாக யோசிக்க முடிந்தது. பிறகு கேட்டான்: "நீ எதையுமே நம்ப மாட்ட. அல்லா மேல ஆணையாச் சொல்லு. இந்த மைதானத்துல அதிசயம்னு ஒண்ணுமே நடக்கலியா?"

லத்தீப் குடையை மடக்கினார். கலைந்து போகிற கூட்டத்தைப் பார்த்தார். அதில் பாதிப் பேர் அதற்குள், துருவை எடுக்கிற சாமி யாராவது திண்டிவனத்தில் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நடந்துச்சுப்பா," என்றார். "இன்னிக்கு அந்த ஆணியைத் தோண்டி எடுத்ததுலேருந்து ஒனக்குப் பதிலா மணி உள்ள போற வரைக்கும், இந்த ஊரு தானா யோசிச்சுது. எங்கண்ணால பாத்தேன். நடக்கலேன்னு நான் சொல்ல மாட்டேன்."