கத்தரித்த இடங்கள்

"ஆவணப்படம்னா என்ன மேடம், பத்திரத்தோட படமா?" என்றார் அலுவலகத்து சாமிதுரை. "நிலத்து வரைபடம்னா குன்னம் தாலுகா ஆபீஸ்லதான் கேக்கணும்."

"இல்லைங்க சார். சினிமா மாதிரி. ஆனா நெசமா நடந்தது."

"சினிமாவா? அப்ப பிரின்சிபால் பார்த்து ஓகே பண்ணணுமே."

வெற்றிச்செல்வி புரொஜெக்டர் அறையின் சாவியைத்தான் கேட்க வந்திருந்தாள்.

பெரம்பலூரில் ஒரு பெண்கள் கல்லூரி. அவள் அங்கே விலங்கியலுக்குத் தற்காலிக விரிவுரையாளர். 'பெண்களும் சமூகமும்' என்ற பாடத்தை மற்ற எல்லோரும் வேண்டாம் என்றார்கள். அவளுக்கு வேண்டாம் என்று சொல்லக் கூச்சம்.

அந்த வகுப்பில் பூங்குழலி என்று ஒரு பெண், இரண்டாமாண்டு. ஆவணியில் கல்யாணம். அதோடு படிப்பு நின்றுவிடும்.

"நீ வீட்டுல பேசிப் பார்த்தியா?" என்று வெற்றிச்செல்வி ஒருநாள் அவளிடம் கேட்டாள்.

"எங்கப்பா முடிவு பண்ணிட்டாரு மேடம். நாள் குறிச்சாச்சு."

அதற்கு மேல் என்ன சொல்வதென்று வெற்றிச்செல்விக்குத் தெரியவில்லை. தான் சொல்ல முடியாததை ஒரு படம் சொல்லட்டும் என்று தேடினாள். அரியலூரிலிருந்து வரும் பஸ்ஸிலும் திரும்பிப் போகும் பஸ்ஸிலும் போனில் தேடினாள். பல படங்களில் பேராசிரியர்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் கவலைப்பட்டார்கள். கடைசியில் ஒன்று கிடைத்தது. பருத்தி எடுக்கிற பெண், குடிக்கிற அப்பா. கல்யாணத்தை நிறுத்திவிட்டு அவள் காலேஜுக்குப் போகிறாள்.

பிரின்சிபால் அறிவழகன் அன்பாகத்தான் பேசினார்.

"நல்ல படம்மா. அந்த ஒயின் ஷாப் வர்ற இடத்தை மட்டும் எடுத்துடுங்க. பெத்தவங்க சண்டைக்கு வந்துடுவாங்க."

வெற்றிச்செல்வி தன் போனிலேயே அந்த இடத்தைக் கத்தரித்தாள்.

மறுநாள் அவர் மறுபடியும் கூப்பிட்டார். "என்னம்மா இது? மனுஷன் திடீர்னு மயங்கிக் கெடக்கறாரு. ஒடம்புக்கு முடியாத அப்பாவை அந்தப் பொண்ணு இப்படித் திட்டுதே!"

"அவர் குடிச்சிருக்காரு சார்."

"எங்க குடிச்சாரு? படத்துல இல்லையே."

திட்டுகிற இடமும் போயிற்று.

அடுத்த நாள் அவர் இன்னும் வருத்தமாக இருந்தார். "அப்பாவும் பொண்ணும் சண்டை சச்சரவு இல்லாம இருக்காங்க. காரணமே இல்லாம கல்யாணத்தை நிறுத்துறா. தப்பான முன்னுதாரணம் இல்லையா?"

"காரணம் இருந்துச்சு சார். நாமதான்..."

"அந்த எடத்தையும் எடுத்துடுங்கம்மா. பிரச்சினையே இல்ல."

கல்யாணம் நிற்காததால், அந்தப் பெண் காலேஜுக்குப் போவதும் பொருந்தவில்லை. அதை வெற்றிச்செல்வியே கத்தரித்தாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் படத்தைப் போட்டாள். ஒரு பெண் பருத்தி எடுத்தாள். அவள் அப்பா படுத்திருந்தார். பெண் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். நாதஸ்வரம் கேட்டது. 'நன்றி' என்று எழுத்து வந்தது.

பூங்குழலிக்குக் கல்யாண வீடியோ போட்டுக் காட்டியது போல இருந்தது.

வகுப்பே சிரித்தது. வெற்றிச்செல்வி புரொஜெக்டரின் வயரைப் பிடுங்கினாள். படம் போய்விட்டது, இனி அவள்தான் பேச வேண்டும்.

"பூங்குழலி... படம் இப்படி முடியாது. அந்தப் பொண்ணு கல்யாணத்தை நிறுத்திடுவா. படிப்பா. நீயும் உங்கப்பாகிட்ட..."

"தெரியும் மேடம்" என்றாள் பூங்குழலி.

"என்ன தெரியும்?"

பூங்குழலி சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த கவிதாவைப் பார்த்தாள். கவிதா எழுந்து நின்றாள்.

"பிரின்சிபால் சார் ஸ்டாஃப் குரூப்புன்னு நெனச்சு, 'மாணவிகள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்'னு எழுதி, முழுப் படத்தையும் எங்க கிளாஸ் குரூப்புல போட்டுட்டாரு மேடம், இவங்கப்பா இவ போன்ல அதைப் பார்த்துட்டு, இவ படிப்பை நிறுத்துற விஷயம் பிரின்சிபாலுக்கே தெரிஞ்சுபோச்சுன்னு பயந்து, கல்யாணம் படிப்பு முடிஞ்சப்புறம்தான்னு மாப்பிள்ளை வூட்டுல சொல்லிட்டு வந்துட்டாரு."