எட்டாம் பக்கமும் ஒன்பதாம் பக்கமும்

இந்தத் தடவை மனைவியைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று எழுத்தாளர் முடிவு கட்டினார்.

பத்து வருடக் கல்யாண வாழ்க்கையில் முப்பத்தொரு கதை எழுதியாயிற்று. பத்திரிகைகள் திருப்பியனுப்பியதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். தையல்காரியான மனைவி ஒவ்வொரு நோட்டையும் மூடிவிட்டு "நல்லா இருக்குங்க" என்பதைத்தான் தாங்க முடியவில்லை. சட்டை அளவு சரியா என்று கேட்டாலும் அதே குரல்தான். ஒரே ஒரு வரியைச் சொல்லி, இது மனசைத் தொட்டுடுச்சு என்று சொல்லமாட்டாளா? ஊரே பாராட்டினாலும் அந்த ஏக்கம் தீராது. ஊர் பாராட்டவில்லை, அது வேறு விஷயம்.

படிக்கிறாளா, சும்மா புரட்டுகிறாளா? அலுவலகத்தில் அவருக்குத் தபால் பிரிவு. நாளெல்லாம் உறை ஒட்டுகிற கை சும்மா இருக்குமா? முப்பத்திரண்டாவது கதையில் எட்டாம் பக்கத்தையும் ஒன்பதாம் பக்கத்தையும் பசை தடவி ஒட்டிவிட்டார். கதையின் உயிரே அங்கேதான். பழைய காதலியின் வாசலில் நின்று நாயகன் நிலவைப் பார்த்து உருகும் இடம். ஒன்பது நாள் உழைப்பு.

மறுநாள் மாலை தையல் மெஷின் நின்றது.

"நல்லா இருக்குங்க."

நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். பசை அப்படியே இருந்தது. ஜெயித்துவிட்டார். ஆனால் தோற்றிருக்கலாமே என்றுதான் இருந்தது.

"முழுசும் படிச்சியா?"

"ஆமாங்க."

"பொய்! ரெண்டு பக்கம் ஒட்டிக் கிடக்கு. பத்து வருஷமா என்னை ஏமாத்தியிருக்கே!"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கடைசியில அவன் கதவைத் தட்டாமலே திரும்பிப் போறான். உள்ளே அவ, செருப்புச் சத்தம் தேயறதைக் கேட்டுக்கிட்டே நிக்கிறா. அங்க எனக்கு அழுகை வந்துடுச்சுங்க. தைக்கிற சட்டையில ரெண்டு சொட்டு விழுந்துடுச்சு, பாருங்க."

காலரில் ஈரம் இருந்தது. பத்து வருடமாக ஏங்கிய வார்த்தை! எழுத்தாளருக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம்.

"அப்போ பக்கம் ஒட்டியிருந்தது தெரியலையா?"

"தெரியாம என்ன? ஏழாம் பக்கம் முடியறப்போ நிலா வருது. பத்தாம் பக்கத்துல அவன் திரும்பறான். நடுவுல என்ன இருக்கும்னு முப்பத்தோரு கதை படிச்சவளுக்குத் தெரியாதா?"

"பிரிச்சுப் படிக்க வேண்டியதுதானே?"

"நீங்களே வேண்டாம்னு ஒட்டிட்டீங்கன்னு நெனச்சேன். அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

"அடுத்த கதைக்குப் பசையைக் கொஞ்சம் தாராளமாவே எடுத்துட்டு வாங்க."